நெல் ஆலையில் மிஷினை ஓடவிடாத வேலை

மிஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். நின்ற மிஷினை நின்றபடியே நிற்க வைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சத்தில் நானும் ஒருத்தன்.

பேர் இசக்கிமுத்து. வயது பத்தொன்பது. சீவலப்பேரி ரோட்டில் ஒரு நெல் ஆலையில் மிஷின் பழுது பார்க்கப் பழகுகிற பயிற்சிப் பிட்டர். இதுபோக எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது. எந்தக் குரலைக் கேட்டாலும் மறுநாள் அது என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டவுன் பஸ் கண்டக்டர், எங்கள் பாய்லர் விசில், மேனேஜர் மூக்கால் இழுக்கும் "அப்புறம்?", பிரசவத்துக்கு நிற்கிற பசு, எல்லாம் வரும். மேனேஜர் குரலில் டீக்கடைக்கு ஆர்டர் கொடுத்து ஆலை மொத்தத்துக்கும் வடை வரவழைத்த பெருமையும் எனக்கு உண்டு. மேனேஜரே வந்து ரெண்டு தின்றுவிட்டு, "யார் வாங்கினது? நல்லா இருக்கே" என்றார்.

இந்தக் கட்டுரையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. ஒரு பெரிய மனுஷர் ஏமாந்தார். ஏமாந்தது தெரியாமலே கொஞ்ச நேரம் நின்றார். அதை இப்போது சொல்ல மாட்டேன். முன்னாடியே சொல்லிவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், நான் பூட்டைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது. மாடித் தொட்டி வழிகிறது என்று மேலேயிருந்து கத்தி, கீழே யாரும் காதில் வாங்காமல் தொண்டை கட்டிப்போனவர்களே! "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்டு, "அணைச்சாச்சு" என்று வந்த பதிலை நம்பி ஒயரைத் தொட்டுத் துள்ளியவர்களே! நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எடுத்தாச்சு!

எங்கள் ஆலையில் எலிவேட்டர் என்றால் ஆள் ஏறுகிற லிப்ட் இல்லை. நீளமான ஒரு பெல்ட், அதில் வரிசையாக இரும்பு வாளிகள். தரைக்குக் கீழே ஒரு குழியில் நெல்லை அள்ளி, மூன்று மாடி உயரம் தூக்கிக் கொட்டும். கோளாறு எல்லாம் குழியில்தான் வரும். அந்தக் குழியில் கை விடுகிறவர் எஸ்தர் அக்கா, எங்கள் பிட்டர். பாளையங்கோட்டைக்காரர், எலெக்ட்ரீஷியன் படிப்பும் படித்தவர். மோட்டாரை ஓட்டுகிற பச்சைப் பொத்தான் இருப்பதோ சுவருக்கு அந்தப் பக்கம், பேனல் அறையில். அங்கே உட்கார்ந்திருப்பவர் சங்கரன் அண்ணாச்சி. ஆலைக்கு வருமுன் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவர். அங்கிருந்து அவர் கண்ணுக்குக் குழி தெரியாது, குழியிலிருந்து அக்கா கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். சுவரில் பழைய குழாய் போன ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கத்துவார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

நான் சேர்ந்த புதிதில், பெல்ட் உரசுகிறது என்று எலிவேட்டரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா குழி ஓரத்தில் குத்த வைத்து, ஸ்பேனரை ஒரு வாளிக்குள் வைத்துவிட்டு, ஓட்டையைப் பார்த்து, "அண்ணாச்சி, மோட்டாரை எடுத்துருங்க!" என்றார். கரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு எடு என்றால் ஃபியூஸை எடு, இணைப்பை எடு, சுத்தமாக அணைத்து வை என்று அர்த்தம். லாரிக்காரருக்கு? உங்களிடம் ஒருத்தர் "வண்டியை எடு" என்றால் என்ன செய்வீர்கள்? அண்ணாச்சி, "எடுத்தாச்சு!" என்று பதில் கொடுத்தார். சொன்னபடி எடுத்தும்விட்டார்.

அக்காவின் கை உள்ளே போக ஒரு மூச்சு பாக்கி இருந்தது. ஸ்பேனர் மட்டும் வாளியில் ஜம்மென்று உட்கார்ந்து மூன்று மாடி ஏறி, உச்சியில் தகரத்தில் மோதி, நெல் போகிற குழாய் வழியே தடதடவென்று இறங்கியது. அக்கா தன் பத்து விரலையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அக்காவின் கையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், அப்புறம் சொன்னார்: "எடுன்னா எடுக்கத்தானம்மா செய்வான் மனுஷன்?"

கடைக்காரர் கண்ட முதல் ஆள்

மறுநாளே அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் ஒரு இரும்புக் கடைக்குப் போனார். குழிக்குப் பக்கத்துச் சுவரில் எலிவேட்டருக்கென்று தனி மெயின் சுவிட்சுப் பெட்டி உண்டு. அதை அணைத்து, கைப்பிடியில் பூட்டைப் போட்டுவிட்டால் பேனல் அறையில் யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மோட்டாருக்குக் கரண்டு போகாது. யார் குழியில் கை வைக்கிறார்களோ அவர்கள் பூட்டு, அவர்கள் சாவி. ரெண்டு பேர் இறங்கினால் ரெண்டு பூட்டு. அக்கா சொன்ன கணக்கு இவ்வளவுதான்.

கடைக்காரர் ரெண்டு பூட்டு கொடுத்தார், பூட்டுக்கு மூன்று சாவி. அக்கா பூட்டுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். "தொலைஞ்சா என்னம்மா செய்வே?" என்றார் அவர். "தொலைஞ்சா பூட்டை அறுத்துக்கிடுதோம் அண்ணாச்சி. இன்னொரு சாவி இருந்தாத்தான் எனக்குப் பயம்" என்றார் அக்கா. அவருக்குப் புரியவில்லை. இந்தப் பொண்ணு வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார் போல. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசியில் அந்தச் சாவிகளைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், சும்மா குடுத்தாலும் சாவி வேண்டாம்ங்குத மொத ஆளு நீதாம்மா."

நம்பலைன்னு அர்த்தம்

ரெண்டு பூட்டுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். ஒன்றில் எஸ்தர் என்றும் இன்னொன்றில் இசக்கி என்றும் வெள்ளையில் எழுதினோம். என் பேரை நானே எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். பத்தாவது சர்டிபிகேட்டில் பார்த்தபோதுகூட என் பேர் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அண்ணாச்சிக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே ஆகவில்லை. இத்தனை வருஷம் தன் காதை நம்பி ஆலை ஓடியது, இப்போது பூட்டு போட்டால் தன்னை நம்பவில்லை என்று அர்த்தம் என்றார். சோறு இறங்கவில்லை என்றார். அந்த 'எடு' கூட அவர் காதின் தப்பு இல்லையாம், வார்த்தையின் தப்பாம். அதனால் இனி 'ஓட்டு', 'நிறுத்து' என்று ரெண்டே வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனைதான், வைத்துக்கொண்டோம். ஆனால் பூட்டையும் விடமாட்டேன் என்றார் அக்கா. விஷயம் மேனேஜரிடம் போனது. அவருக்கு இருவரும் வேண்டும். மூக்கைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: இந்தப் பருவத்துப் பிசான அறுவடை நெல் வந்து தீருகிறவரை பூட்டு இருக்கட்டும், அப்புறம் பேனல் அறைக்காரர் அண்ணாச்சிதானே, அவர் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம்.

அதாவது அக்காவின் பத்து விரலும் அண்ணாச்சியின் ஒரு வார்த்தையில் இருந்தது. அக்கா எனக்கும் ஒரு சட்டம் போட்டார்: டீ நேரத்தில் எந்தக் குரல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், மிஷின் பக்கம் வந்தால் சொந்தக் குரல் மட்டும்தான். அண்ணாச்சி பேனல் அறைக்குத் திரும்பும்போது வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, கள்ளனுக்குத்தான்லே பூட்டு, என்னைய மாதிரி ஆளுக்கு எதுக்குலே?"

பஸ்ஸில்

என் பேர் எழுதின பூட்டைப் பேன்ட் இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போவேன். தேவை இல்லை, ஆலையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஒரு நாள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன வேலை பார்க்கிறே என்று கேட்டார். மிஷின் திடீரென்று ஓடி ஆளைப் பிடித்துவிடாமல் பூட்டுகிற வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பூட்டெல்லாம் ஜோராத்தான் இருக்கு, வீடு எங்கய்யா?"

கரண்டு இல்லாத நாள்

மின்வாரியம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துமே, அந்த நாள் எங்கள் ஆலைக்குத் திருவிழா. எங்கு பார்த்தாலும் யாராவது ஏதாவது மிஷினுக்குள் தலையை விட்டிருப்பார்கள். அன்றைக்கு எனக்கும் அக்காவுக்கும் மூட்டை கொண்டுபோகிற கன்வேயரில் உருளை மாற்றுகிற வேலை. நான் சுவிட்சுப் பெட்டியில் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார். "ஊருக்கே கரண்டு இல்ல. நீ எதைப் பூட்டுதே? அப்புறம்?" என்றார். அவர் போனதும் அதே 'அப்புறம்?'-ஐ அக்காவிடம் செய்து காட்ட நாக்கு துறுதுறுத்தது. மிஷின் பக்கம் நின்றதால் முழுங்கிக்கொண்டேன். அது பூட்டைவிடக் கஷ்டம்.

அஞ்சு மணிக்குத்தான் வரும் என்ற கரண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தவிட்டுப் பக்கம் பழைய காற்றாடி ஒன்று, நெம்புகோல் சுவிட்சு. காலையில் யாரும் அதைக் கீழே இறக்கவில்லை. யாரையும் கேட்காமல் அது தானாக வேகம் எடுத்து, அதன்மேல் காயப்போட்டிருந்த துண்டை இழுத்துச் சுற்றி நார் நாராகக் கிழித்தது. துண்டுக்குச் சொந்தக்காரர் நல்லவேளையாகக் கை கழுவப் போயிருந்தார். எங்கள் கன்வேயரும் அதே மாதிரிச் சுவிட்சுதான். கன்வேயருக்குள் என் ரெண்டு கையும் முழங்கைவரை இருந்தது. அது அசையவில்லை. நான் கையை வெளியே எடுக்காமல், வேண்டுமென்றே, இன்னொரு போல்ட்டை நிதானமாக முறுக்கினேன். ஆலையே எழுந்து நின்று பார்த்தது. மேனேஜர் கிழிந்த துண்டைப் பார்த்தார், எங்கள் கன்வேயரைப் பார்த்தார், பக்கத்தில் வந்து குனிந்து பூட்டில் இருந்த என் பேரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு பைய கேட்டார்: "கரண்டு வந்த சேதியை இதுக்கு மட்டும் யாரும் சொல்லலையோ?"

கோபம்

பூட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் நெல்லே திருத்தியது. எலிவேட்டர் பாதி ஓட்டத்தில் அடைத்து நின்றுவிட்டது. பூட்டு போட்டோம். போட்டபின் பச்சைப் பொத்தானை அமுக்கி, ஓடவில்லை என்று பார்க்கிற சோதனையும் செய்தோம். நான் குழியில் அடைப்பை வாரத் தயாரானேன். அக்கா, "பொறுலே, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று மேல்மாடிக்கு ஏறி, பெல்ட் சுற்றுகிற சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயைச் செருகி, கயிறு போட்டு இறுக்கினார். நெல் சுமக்கும் பெண்களில் தலைவி மாரியக்கா விளக்குமாறோடு அங்கே நின்று, கரண்டுதான் இல்லையே, எதுக்கு மாட்டைக் கட்டுகிற மாதிரிக் கட்டுகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பெல்ட்டின் ஒரு பக்கத்து வாளி எல்லாம் நிறைந்த நெல். மறுபக்கம் எல்லாம் காலி. கீழே நான் அடைப்பை வாரி எடுத்த நொடியில், இத்தனை நேரம் பிடித்துவைக்கப்பட்டிருந்த அந்தப் பாரம் மொத்தமும் பின்பக்கமாகக் கீழே இறங்கப் பார்த்தது. பெல்ட் ஒரு வெட்டு வெட்டியது. மேலே குழாய் ஆரக்காலில் மோதி 'ணங்' என்றது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் எனக்குச் செய்ய வரவில்லை. அதோடு நின்றது. என் முகத்துக்கு நேராக இருந்த வாளி ஒரு சாண் கூட நகரவில்லை. கரண்டு இல்லை, காற்று இல்லை, ஆளும் தொடவில்லை. வெறும் நெல்லின் பாரம். மேலேயிருந்து மாரியக்காவின் குரல் குழிவரை கேட்டது: "ஆத்தாடி! எஸ்தரு, இது கரண்டுல ஓடல, கோவத்துல ஓடுது!"

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? இதோ வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, எதிர்பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை

அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை, வேலை பாதியில் நிற்க, எலிவேட்டரில் தன் பூட்டை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை எதிர்பாராமல் நெல் லாரிகள் வந்துவிட்டன. வேலை பாக்கியைக் கவனிக்காமல் எலிவேட்டரை ஓட்டிவிடலாம் என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு இது நல்ல சந்தர்ப்பம். "பாத்தியளா, பாத்தியளா" என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு, இரும்பு அறுக்கிற ரம்பத்தைத் தேட ஆரம்பித்தார். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஐந்தடி மூன்று அங்குல உடம்பை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தேன். அக்கா வராமல் யாரும் தொடக்கூடாது என்றேன், என் சொந்தக் குரலில். அது நடுங்கியது. ஆனாலும் என் குரல்.

நான் திரும்பும்வரை பெட்டியை மேனேஜர் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, அவர் வண்டியை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பறந்தேன். சர்ச்சில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே கையை ஆட்டினேன்; பாடகர் குழுவில் இருந்த அக்காவைத் தவிர மற்ற எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் அக்காவும் பார்த்தார். சாவியை மட்டும் கொடுங்கள், நான் திறந்துகொள்கிறேன் என்றேன். "பூட்டினவதான் திறக்கணும். குழிக்குள்ள என்னத்தை விட்டுட்டு வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்" என்று பட்டுச் சேலையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வந்து பார்த்தால், குழிக்குள் நேற்று அவர் பெல்ட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை அப்படியே இருந்தது. அதோடு ஓட்டியிருந்தால் பெல்ட் மொத்தமும் போயிருக்கும். கட்டையை எடுத்து, வேலையை முடித்து, பூட்டைத் திறந்து அக்கா நிமிர்ந்தபோது பட்டுச் சேலை முழுக்கக் கிரீஸ். அண்ணாச்சி ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார்: "கர்த்தருக்கே ஞாயித்துக்கிழமை ஓய்வு, இந்தப் பூட்டுக்கு மட்டும் கிடையாதாக்கும்!"

சுவருக்கு அந்தப் பக்கம்

பிசான நெல் தீர்ந்தது. கடைசி லாரி போன மறுநாள் மேனேஜர் காலையில் வந்து அண்ணாச்சியின் முடிவைக் கேட்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னாலேயே டீக்கடையில் அண்ணாச்சி முடிவைச் சொல்லிவிட்டார். பூட்டு வேண்டாம். துண்டு கிழிந்தது வேறு மிஷின், குழாய் 'ணங்' என்றது கரண்டால் இல்லை, சர்ச்சுக்குப் போனது நேர விரயம். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "குழியில இருந்து எஸ்தரு 'ஓட்டுங்க'ன்னு சொல்லாம என் விரல் பொத்தான்ல படாது. அவ குரலை ஆயிரம் சத்தத்துல நான் கண்டுபிடிப்பேன். என் காதைவிடப் பெரிய பூட்டா?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவைச் சொந்த மகள் மாதிரித்தான் பார்ப்பார். அதனால்தான் அக்காவாலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஆலை வாசலில் நின்று, திடீரென்று என்னைப் பார்த்து, "ஏலே, என் குரல் உனக்கு வருமா?" என்றார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆனாலும், "மிஷின் பக்கம் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீய" என்றேன். "இன்னைக்கு ஒரு தடவை. நான் சொல்லுத மாதிரி" என்றார். விளையாட்டு என்றாலும் முறை முறைதான். அண்ணாச்சி டீக்கடையிலிருந்து வருமுன் எலிவேட்டரை அணைத்தோம். அக்கா பூட்டு, என் பூட்டு ரெண்டையும் போட்டோம். பச்சைப் பொத்தானை அமுக்கி ஓடவில்லை என்று பார்த்தோம். சக்கரத்தில் குழாயைக் கட்டினோம். குழியில் ஒரு பூச்சிகூட இல்லை என்று ரெண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். அக்கா ரெண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். நான் குழி ஓரத்தில், சுவர் ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி பேனல் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்கிற கிறீச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் ஓட்டை வழியே, "எம்மா எஸ்தரு, ஆச்சா?" என்றார். நான் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். அக்காவின் குரல் கொஞ்சம் அடித்தொண்டை. பாட்டுப் பாடுகிற குரல் என்பதால் கடைசி எழுத்தைச் சின்னதாக இழுப்பார். "ஆச்சு அண்ணாச்சீ! பூட்டையும் திறந்தாச்சு! ஓட்டுங்க!"

'டக்.' பொத்தான் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நொடி யோசிக்கவில்லை, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. எலிவேட்டர் அசையவில்லை. மறுபடி 'டக்'. மறுபடி 'டக் டக்'. "ஏ பிள்ள, ஓடலையே?" "நல்லா அமுக்குங்க அண்ணாச்சீ!" நல்லா அமுக்கினார். பேனல் பெட்டியைத் தட்டினார். மின்வாரியத்தைத் திட்டினார், மோட்டார் செய்த கம்பெனியைத் திட்டினார். என்னையும் ரெண்டு திட்டு திட்டினார்: "அந்த இசக்கிப் பய எதையாவது நோண்டியிருப்பான்." நான் அக்கா குரலிலேயே, "அவன் தங்கமான பிள்ளையாச்சே அண்ணாச்சீ" என்றேன். "தங்கம்! அவன் ஒரு தகரம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் எஸ்தர் அக்கா, கையில் ரெண்டு டீ டம்ளரோடு, வாசல் வழியாகப் பேனல் அறைக்குள் போனார். மாரியக்காவும் நாலைந்து பெண்களும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே நடந்ததை அவர்கள்தான் எனக்குப் பிறகு நடித்துக் காட்டினார்கள். அண்ணாச்சி முதலில் கவனிக்கவே இல்லை. அக்கா நீட்டிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தும்விட்டார். பிறகுதான் நிமிர்ந்து, "ஏம்மா, அதுக்குள்ள குழியில இருந்து வந்துட்டியா? சுத்திக்கிட்டுல்லா வரணும்?" என்றார். அக்கா அவர் எதிரிலேயே கதவில் சாய்ந்துகொண்டார். தன் டீயைக் குடித்தார். அண்ணாச்சிக்கு என்னவோ மாதிரி இருந்திருக்கிறது. அக்காவைப் பார்த்துக்கொண்டே, சுவர் பக்கம் மெதுவாகத் தலையைச் சாய்த்து, "எம்மா எஸ்தரு?" என்று கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சீ?" என்றது சுவர்.

அக்காவின் வாயில் டம்ளர் இருந்தது. அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாரியக்காவால் முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏலே..." என்றார் அண்ணாச்சி. "ஏலே, நீயாலே அது?" நான் என் குரலில், "நான்தான் அண்ணாச்சி" என்றேன். ஆலை மொத்தமும் சிரித்தது. நானும் இந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

சிரிப்பு அடங்கி நான் சுற்றிக்கொண்டு பேனல் அறைக்குப் போனபோது அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வலது கைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அமுக்கிட்டேன்லா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒரு தடவை இல்ல. அஞ்சு தடவை அமுக்கிட்டேன்." அக்கா அவர் பக்கத்தில் போய், ரெண்டு சாவியையும் எடுத்துக் காட்டி, "பூட்டு போட்டுத்தான் அண்ணாச்சி இருக்கு. குழியில யாரும் கிடையாது. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அவர் அக்காவின் கையைப் பிடித்து, அன்றைக்கு ஸ்பேனர் மேலே போன நாளில் அக்கா பார்த்த மாதிரியே, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். எதுவும் தெரியாமல், "என்ன அண்ணாச்சி, பூட்டு வேணுமா, வேண்டாமா? அப்புறம்?" என்றார். அண்ணாச்சி எழுந்து நின்று, என் காதைப் பிடித்து வலிக்கிற மாதிரி ஒரு திருகு திருகிவிட்டு, மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கட்டும் சார், காது இருக்குத எவனையும் ஏமாத்திருவான் இந்தப் பய, பூட்டுக்கு அது கிடையாது."

இப்போது எங்கள் ஆலையில் எல்லோர் குரலும் எனக்கு வரும், ஆனால் யார் குரலுக்கும் எந்த மிஷினும் வராது.